தள்ளுவண்டியும் விளையாட்டுத் திடலும்: நம்ம ஊர் சாயங்காலத்தைக் காப்பாத்துவோம்



சாயங்காலம் 5 மணி. பள்ளிக்கூடம் விட்டாச்சு. செம்மண்டலத்திலோ, மஞ்சக்குப்பத்திலோ, திருப்பாதிரிப்புலியூரிலோ இருக்கிற ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் ரெண்டு விஷயம் வேணும். ஓடுறதுக்கு ஒரு இடம். ஓடிக் களைச்சதும் பத்து ரூபாய்க்குச் சாப்பிட ஏதாவது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாசச் சந்தா கட்டுற கிரிக்கெட் பயிற்சி இருக்கு, ஏசி போட்ட பேக்கரி இருக்கு. மத்த பிள்ளைகளுக்கு வார்டுத் திடலும் அதன் வாசல்ல நிக்கிற தள்ளுவண்டியும்தான் இருக்கு.

"கட்சிப் பக்கத்தில் பஜ்ஜியைப் பத்தியும் ஊஞ்சலைப் பத்தியும் ஒரு பதிவா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். ஆமாம். மேடையில் நாம் பேசுற நிலம், உழைப்பு, உரிமை எல்லாம் தெருவுக்கு இறங்கி வரும்போது இந்த உருவத்தில்தான் வருது. தேர்தல் நேரத்தில் பெரிய விஷயங்களை எல்லாக் கட்சியும் பேசும். அஞ்சு வருஷமும் தெருவில் நிக்கிறவங்களைத்தான் மக்கள் நம்புவாங்க.

*எல்லையை யார் போடுறது?*

நம்ம கடலூருக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியர்களிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்குச்சு. கோட்டையோட சேர்த்து எவ்வளவு நிலம் என்று அளக்க அவங்க சங்கிலி பிடிக்கலை. பீரங்கியில் குண்டு போட்டாங்க. குண்டு விழுந்த தூரம் வரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம். குண்டு உப்பலவாடி என்று நாம் இன்னைக்கும் சொல்றோமே, அந்தப் பெயரில் இருக்கிற குண்டு அந்தப் பீரங்கிக் குண்டுதான்.

300 வருஷத்துக்கு மேல ஆகிடுச்சு. பீரங்கி போயிடுச்சு. ஆனா சத்தமில்லாமல் எல்லை போடுற பழக்கம் போகலை. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தா பிள்ளைகள் விளையாடின இடத்தைச் சுத்திக் கம்பிவேலி நிக்குது. இன்னொரு நாள், இருபது வருஷமா இட்லிக்கடை போட்டிருந்த அக்காவின் வண்டியை லாரியில் ஏத்திட்டுப் போறாங்க. வேலி போடும்போதும் யாரையும் கேட்கலை, வண்டியை ஏத்தும்போதும் கேட்கலை. இந்த நிலை எத்தனையோ ஊர்களில் நடக்குது. நம்ம மாவட்டத்தில் நடக்காமல் பார்த்துக்கணும்னா, முதலில் சட்டம் என்ன சொல்லுதுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

*தள்ளுவண்டிக்காரர் குற்றவாளி இல்லை*

சாலையோர வியாபாரம் செய்வது அரசியல் சட்டம் தந்த தொழில் உரிமைக்குள் வரும் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சோதன் சிங் என்ற தில்லி வியாபாரி தொடுத்த வழக்கு அது. நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனா உரிமையே இல்லைன்னு சொல்ல முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதற்குப் பிறகு தொழிற்சங்கங்கள் வருஷக்கணக்கா போராடி வாங்கினதுதான் 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம். அதில் இருக்கிற சில விஷயங்களை மனப்பாடம் பண்ணி வைங்க தோழர்களே:

• வியாபாரிகளைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழ் கொடுத்து முடிக்கிற வரைக்கும், ஏற்கெனவே கடை போட்டிருப்பவரை அப்புறப்படுத்தக் கூடாது. அந்தக் கணக்கெடுப்பை அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறையாவது செய்யணும்.

• இடத்தை மாத்தணும்னா 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்கணும்.

• சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்கணும். காய்கறி, பழம், சமைத்த சாப்பாடு மாதிரி கெட்டுப்போகிற பொருளா இருந்தா, வியாபாரி கேட்ட அன்னைக்கே திருப்பித் தரணும். மத்த பொருள்களுக்கு ரெண்டு வேலை நாள்.

• எந்த இடத்தில் கடை, எங்கே கூடாது என்பதில் கருத்துச் சொல்ல நகர விற்பனைக் குழு அமைக்கணும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும். அவங்களும் நியமனத்தில் வரக் கூடாது, வியாபாரிகள் தங்களுக்குள்ளே தேர்தல் வச்சுத் தேர்ந்தெடுக்கணும். அந்த இடங்களில் மூணில் ஒரு பங்கு பெண்களுக்கு.

• ஊர் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரைக்கும் வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கித் தரலாம். 2011 கணக்கெடுப்பில் கடலூர் நகராட்சியில் ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி மக்கள். இப்போ 45 வார்டு கொண்ட மாநகராட்சி. பழைய கணக்கை வச்சுப் பார்த்தாலே நாலாயிரம் பேருக்கு மேல் இடம் கொடுக்கச் சட்டம் கதவைத் திறந்து வச்சிருக்கு.

அந்தச் சட்டத்தில் "இயல்புச் சந்தை" என்று ஒரு கருத்தும் இருக்கு. வாங்குறவங்களும் விக்கிறவங்களும் காலங்காலமாகத் தானாகவே கூடுகிற இடம் அது. கணக்கெடுப்பில் அப்படி ஒரு இடம் பதிவாகிடுச்சுன்னா, அதை விற்பனை தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கக் கூடாது. சிதம்பரத்தில் தேரோடும் நாலு வீதிகளை நினைச்சுப் பாருங்க. மார்கழி தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் வர்ற கூட்டத்துக்குப் பசியாத்துறது யார்? தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சுண்டல், மாங்காய்ப் பத்தை, பஜ்ஜி, வறுத்த மீன் விக்கிறவங்களை யாராவது தாம்பூலம் வச்சு அழைச்சாங்களா? மக்கள் கூடினாங்க, கடை வந்துச்சு. அந்த இடங்கள் கணக்கெடுப்பில் பதிவாகியிருக்கா? இதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

*"சுத்தம் இல்லையே" என்பவர்களுக்கு*

இந்தக் கேள்வி நியாயமானது. நம்ம பிள்ளைகள் சாப்பிடுற சாப்பாடு. அதனால் கடைக்குப் போகும்போது சில விஷயங்களைக் கவனிங்க:

எண்ணெய்ச் சட்டியைப் பாருங்க. எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, புகைஞ்சா, அது திரும்பத் திரும்பக் காய்ஞ்ச எண்ணெய். அங்கே வேண்டாம். கூட்டம் இருக்கிற கடையில் சரக்கு சீக்கிரம் தீரும், அப்பப்போ போட்டுத் தருவாங்க. ஆறிப்போனதை மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்தா வாங்காதீங்க.

பஜ்ஜியை செய்தித்தாளில் வச்சு அமுக்கி எண்ணெய் எடுக்கிற பழக்கத்தை நாமளே நிறுத்தணும். அச்சு மையில் உடம்புக்கு ஆகாத சாயமும் ரசாயனமும் இருக்கு. செய்தித்தாளில் உணவைக் கட்டித் தரக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே சொல்லுது. வாழை இலை கேளுங்க. சட்னி, சாம்பார் வாங்க வீட்டிலிருந்தே ஒரு தூக்கு எடுத்துட்டுப் போங்க. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நம்ம மாநிலத்தில் தடை இருக்கு. அதை மீறுற கேரிபேக்கை வாங்க மறுக்கிறதும் ஒரு அரசியல்தான்.

பானிபூரித் தண்ணி எங்கே பிடிச்சதுன்னு தயங்காமல் கேளுங்க. நல்ல கடைக்காரர் கோவிச்சுக்க மாட்டார், கேனைக் காட்டுவார்.

கண்ணைப் பறிக்கிற நிறம் இருந்தா உஷார். 2024 பிப்ரவரியில் நடந்தது ஞாபகம் இருக்கா? பக்கத்தில் புதுச்சேரியில் பஞ்சுமிட்டாயை எடுத்துச் சோதிச்சா, துணிக்குப் போடுற ரோடமின்-பி சாயம். அங்கே தடை வந்துச்சு, சில நாளில் தமிழ்நாட்டிலும் வந்துச்சு. நல்ல முடிவு. ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. அந்தச் சாயத்தைச் செஞ்சது தோளில் கம்பு சுமந்து மிட்டாய் வித்த இளைஞர் கிடையாது. யாரோ தயாரிச்சாங்க, யாரோ மொத்தமா வித்தாங்க. டிவியில் வந்த முகம் மட்டும் கடைசியில் நின்ன ஏழையின் முகம்.

அதனாலதான் சொல்றோம், சுத்தம் வேணும்னா வண்டியைத் துரத்தினா வராது. குடிதண்ணிக் குழாய் கொடுங்க, குப்பைத் தொட்டி வைங்க, கை கழுவ இடம் செய்யுங்க, உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுங்க. நாள் முழுக்க நின்னு வேலை செய்யும் பெண் வியாபாரிக்கு ஒரு கழிப்பறை கொடுங்க. இதெல்லாம் செய்யாமல் "சுகாதாரக் கேடு" என்று நோட்டீஸ் ஒட்டுறது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு பக்கம், தண்டல்காரர். காலையில் கடன் வாங்கி, ராத்திரி வட்டியோட கட்டி, மிச்சத்தில் அரிசி வாங்குற குடும்பங்கள் நம்ம தெருவிலேயே இருக்கு. தெருவோர வியாபாரிகளுக்கு ஒன்றிய அரசின் ஸ்வநிதி கடன் திட்டம் 2020-ல் வந்துச்சு. 2025-ல் அதை மாத்தி அமைச்சதுக்கு அப்புறம் முதல் தவணை 15,000, அதைக் கட்டி முடிச்சா 25,000, அடுத்து 50,000 ரூபாய். எந்த அரசு கொண்டு வந்தாலும் அது நம்ம மக்களின் வரிப்பணம், வாங்கிக் கொடுக்க வேண்டியது நம்ம வேலை. வங்கியில் போய் நிக்கத் தயங்குற அக்காவுக்குத் துணையா ஒரு தோழர் போனா போதும், பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

*திடல் என்பது மிச்ச நிலம் இல்லை*

இப்போ விளையாட்டுத் திடலுக்கு வருவோம்.

ஒரு மனைப்பிரிவு போடும்போது, மொத்த நிலம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினா, சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கணும். 10,000 சதுர மீட்டரையும் தாண்டினா, அதற்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். வரைபடத்தில் "பூங்கா" என்று பச்சை நிறத்தில் காட்டி மனையை விக்கிறாங்க. நாமும் நம்பி வாங்குறோம். பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா அங்கே கருவேலம் வளர்ந்திருக்கும், கட்டட இடிபாடு கொட்டியிருக்கும். இன்னும் அஞ்சு வருஷம் விட்டா "சும்மா கிடக்கிற இடம்தானே" என்று யாராவது கட்டடம் எழுப்பிடுவாங்க. ஒரு திடல் இப்படித்தான் சாகுது. ஆக்கிரமிப்பு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கவனிப்பு நின்னு போயிடுது.

பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி ஆகியவற்றைப் பாதுகாக்க நம்ம மாநிலத்தில் 1959-லேயே தனிச் சட்டம் போட்டிருக்காங்க. இந்த மாதிரி இடங்களைப் பட்டியல் எடுத்து வைக்கணும் என்பது அதன் அடிப்படை. 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்துச்சு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கின இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தாங்க. அந்தப் பகுதி மக்களே வழக்குப் போட்டாங்க. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்று வாதாடினாங்க. நீதிமன்றம் ஏத்துக்கலை. பூங்காவுக்கு ஒதுக்கின இடம் பூங்காவாகவே இருக்கணும் என்று ஒதுக்கீட்டை ரத்து செஞ்சுது. வீட்டுக்காரங்க சேர்ந்து நின்னு ஜெயிச்ச வழக்கு அது. பெங்களூரில் முடிஞ்சது கடலூரில் முடியாதா?

கடலூரில் அண்ணா விளையாட்டு அரங்கம் இருக்கு. ஸ்டேடியம் வேணும், வீரர்கள் உருவாகணும். ஆனா எட்டு வயசுப் பொண்ணு தனியா பஸ் ஏறி ஸ்டேடியம் போகாது. அம்மா கூப்பிட்டா காது கேட்கிற தூரத்தில் திடல் இருந்தாத்தான் அவள் விளையாடுவாள். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியா ஒரு மணி நேரம் உடம்பு அசைஞ்சு விளையாடணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துக்குப் பத்து வாடகை வீட்டுக்குள் அந்த ஒரு மணி நேரத்தை எங்கே வைப்பீங்க? செல்போனில்தான் வைக்க முடியும். பிள்ளை எப்பவும் செல்போனோட கிடக்குன்னு திட்டுறதுக்கு முன்னாடி, அது இறங்கி ஓட ஒரு இடம் இருக்கான்னு பார்க்கணும்.

திடலுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகும்போது இதையும் பாருங்க. ஊஞ்சல் சங்கிலியில் துரு ஏறியிருக்கா, கொக்கி தேஞ்சிருக்கா? இரும்புச் சறுக்குமரம் சித்திரை வெயிலில் கொதிக்கும், மதியத்தில் ஏத்தாதீங்க. கீழே மணல் இருக்கா, வெறும் சிமெண்ட் தரையா? மழைக்காலத்தில் தண்ணி வடியுதா? கடலூருக்கு இது முக்கியம். தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் என்று எல்லாத்தையும் பார்த்த ஊர் நாம். திறந்தவெளி என்பது மழைத்தண்ணியை உறிஞ்சி வீடுகளைக் காக்கிற இடமும்கூட. அதைச் சிமெண்ட் போட்டு மூடிட்டு, வெள்ளம் வந்த பிறகு படகு கேட்கிறதில் என்ன பயன்?

பெண் பிள்ளைகள் வர்றாங்களா என்று கட்டாயம் கவனிங்க. வரலைன்னா காரணம் இருக்கும். விளக்கு எரியாது. மூலையில் மது பாட்டில் கிடக்கும். கழிப்பறை பூட்டியிருக்கும். பாதிப் பிள்ளைகள் நுழைய முடியாத திடல் எப்படிப் பொதுத் திடல் ஆகும்?

*வண்டிக்கும் திடலுக்கும் சண்டை மூட்டாதீங்க*

"திடல் வாசலை அடைச்சுக்கிட்டு வண்டி நிக்குது, முதலில் அவங்களை விரட்டுங்க" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீங்க தோழர்களே.

வாசலை அடைக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் போகிற வழி வேணும், சக்கர நாற்காலி நுழையணும். அதுக்கு ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் கடை என்று வியாபாரிகளோட உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலாம். நகர விற்பனைக் குழு இருப்பதே அதற்குத்தான். ஆனா வண்டியே வேண்டாம் என்று துரத்திட்டீங்கன்னா, ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவில் எரியுற விளக்கும் போயிடும். பஜ்ஜி போடுற அண்ணனும், பணியாரம் சுடுற ஆயாவும் நிக்கிற இடத்தில், டியூஷன் முடிச்சு வர்ற பொண்ணு பயமில்லாமல் நடக்கும். அவங்க கண்ணு தெருமேல இருக்கும். எந்தக் கேமராவும் "பாப்பா, நேரமாச்சு, வீட்டுக்குப் போ" என்று சொல்லாது.

*நம்ம கட்சிக்கும் இதே விதிதான்*

ஊருக்குச் சொல்றதை நாம் செய்யணும். அதனால் தோழர்களுக்குக் கண்டிப்பா சில வார்த்தை.

பொதுக்கூட்டம் நடத்துவோம். மஞ்சக்குப்பம் மைதானம் எத்தனையோ தலைவர்களின் குரலைக் கேட்ட மண். ஆனா கூட்டம் முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் அங்கே பிள்ளைகள் பந்து விளையாடணும். பந்தல் கால் நட்ட குழியை மூடாமல் போகக் கூடாது. ஆணி, கம்பி, தண்ணி பாட்டில் ஒண்ணுகூடக் கிடக்கக் கூடாது. வெறுங்காலோட ஓடுற பிள்ளையின் பாதத்தில் நம்ம மேடை ஆணி குத்தினா, அந்தக் குடும்பம் நம்ம பேச்சை நினைவில் வச்சிருக்காது, ஆணியைத்தான் வச்சிருக்கும். வார்டில் இருக்கிற சின்னத் திடல்களில் கூட்டமே வேண்டாம். வேற இடம் பாருங்க.

தலைவர் வர்றார் என்பதற்காக வண்டிக்கடைகளை அப்புறப்படுத்தச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. கேட்டா அது கட்சியின் பெயரில் செய்த தவறு. கடையில் சாப்பிட்டா காசு கொடுக்கணும். கரைவேட்டியைக் காட்டி ஓசி டீ குடிக்கிறவருக்கும் மாமூல் வாங்குறவருக்கும் வியாபாரியின் கண்ணில் வித்தியாசம் கிடையாது. நிதி திரட்டப் போகும்போது தள்ளுவண்டிக்காரரிடம் தொகை சொல்லிக் கேட்காதீங்க. அவரா விரும்பிக் கொடுத்தா ரசீது போட்டு வாங்குங்க.

*இந்த மாசம் செய்ய வேண்டியது*

1. உங்க வார்டில் எத்தனை திடல், பூங்கா, ஒதுக்கப்பட்ட திறந்தவெளி இருக்குன்னு பட்டியல் போடுங்க. சர்வே எண், பரப்பளவு, தானப் பத்திரம் பதிவான விவரம் தெரியலைன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்க. 30 நாளில் பதில் தரணும்.

2. உங்க தெருவில் கடை போடுற ஒவ்வொருவரிடமும் போய், கணக்கெடுப்பில் பெயர் இருக்கா, சான்றிதழ் வந்துச்சா, அடையாள அட்டை இருக்கா என்று கேட்டு எழுதுங்க. இல்லாதவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்க.

3. நகர்ப்புறப் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் தமிழ்நாடு முழுக்கத் தொடங்கினது. உங்க பகுதியில் அடுத்த கூட்டம் எப்போ என்று கவுன்சிலரிடம் கேளுங்க. திடல் விளக்கு, ஊஞ்சல் பழுது, வண்டிக்கடைக்குத் தண்ணிக் குழாய்: இந்த மூணையும் எழுத்தில் கொடுத்து, தீர்மானத்தில் ஏத்தச் சொல்லுங்க. கவுன்சிலர் எந்தக் கட்சியா இருந்தாலும் பரவாயில்லை, நல்லது செஞ்சா பாராட்டுங்க.

4. மாசத்தில் ஒரு ஞாயித்துக்கிழமை காலை, கொடி இல்லாமல், பேனர் இல்லாமல், திடலைச் சுத்தம் பண்ணுங்க. பகுதி மக்களையும் கூப்பிடுங்க. போட்டோவுக்கு நிக்கிறதை விடக் கண்ணாடித் துண்டு பொறுக்குறது முக்கியம்.

5. சிதம்பரம் போனா சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சுவும் விசாரிச்சுச் சாப்பிடுங்க. பலா சீசனில் பண்ருட்டிப் பலாவைச் சாலையோர வண்டியில் வாங்குங்க. செயலியில் ஆர்டர் போடுற காசில் பாதியாவது நம்ம தெரு அக்காவின் கைக்குப் போகட்டும்.

தோழர்களே, ஒரு ஊர் நல்ல ஊரா என்று தெரிஞ்சுக்கப் பெரிய புள்ளிவிவரம் தேவையில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் இறங்கி நடந்தா போதும். பிள்ளைகளின் சத்தம் கேட்கணும். சூடா ஏதோ பொரியுற வாசனை வரணும். காசு குறைவா இருக்கிறவரும் அங்கே மரியாதையோட நிக்கணும். இதைக் காப்பாத்த யாரும் வெளியிலிருந்து வர மாட்டாங்க.

உங்க வார்டில் திடலின் நிலை என்ன, வியாபாரிகளின் பிரச்சினை என்ன என்பதை வார்டு எண்ணோட எழுதி உங்க கிளைச் செயலாளரிடம் கொடுங்க. வியாபாரிகளின் போன் நம்பர், வீட்டு விவரம் எதையும் பொதுவில் போட வேண்டாம். இந்தப் பதிவைப் பகிருங்க. பகிர்ந்துட்டு, இன்னைக்குச் சாயங்காலம் பிள்ளையைத் திடலுக்குக் கூட்டிட்டுப் போங்க. திரும்பி வரும்போது வண்டிக்கடையில் ஏதாவது வாங்கிக் கொடுங்க. காசு கொடுத்துத்தான்!

தெரு மக்களுக்கே! திடல் பிள்ளைகளுக்கே!

#நம்மதிடல் #நம்மதெரு #தெருவோரவியாபாரிகள் #கடலூர் #சிதம்பரம்